சவள் அக்காவும் பிங்க் சறுக்கு வண்டியும்

பனிப்புயல் வருகிறது என்று வானொலியில் சொன்னால் மொன்றியலில் மனிதர்கள் பாண் வாங்க ஓடுவார்கள், காரை ஒதுக்க இடம் தேடுவார்கள், வேலைக்குப் போன் அடித்துத் தடிமன் என்று பொய் சொல்வார்கள். தலைமுழுகி, பவுடர் பூசி, நல்ல சட்டை போட்டு, காதில் தொங்கல் தோடும் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து காத்து நிற்கிற மனிசி இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் சவள் அக்கா.

சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. கடிதப் பெட்டியில் எழுதியிருந்ததைப் பனி எப்போதோ அழித்துவிட்டது. மன்னார்ப் பக்கத்து ஆள். உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. கார்டரி என்கிற ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் படியில் பனி கிடந்தால், "சவள் அக்கா வந்திட்டாவோ?" என்று கேட்ட பிறகுதான் பாதர் பூசையைத் தொடங்குவார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருந்தது ஒரு மூன்று மாடி வீடு. கீழே சவள் அக்கா. நடுவில் மாஸ்ரர். மேலே நானும் மனிசியும் நாலு வயது மகளும். அக்காவின் வீட்டு நடையில் செருப்பு வைக்கிற இடத்தில் பனி அள்ளுகிற ஐந்து சவள்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பேர் இருந்தது. அகலமானது பெரியவன். பிடி வளைந்தது கூனன். ஐஸ் கொத்துகிற இரும்புச் சவளுக்குப் பேர் சண்டியன்.

புயல் அறிவித்த அன்று எங்கள் கதவு தட்டப்படும். அக்கா சப்பாத்தோடு குசினிக்குள்ளால் நேரே பின் பல்கனிக்குப் போவார். எங்கள் பல்கனியில் நின்றால்தான் நகரத்தின் நடுவில் இருக்கிற மலை தெரியும்.

"மலை மறையுது தம்பி! உச்சி போட்டுது! மரமும் போட்டுது! இன்னும் ரெண்டு மணித்தியாலத்தில இஞ்ச நிக்கும்!"

கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் கார் வந்துவிட்டது என்று ஓடிவந்து சொல்கிற குரல் அது. என் மனிசி துடைத்த தரையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். சரியாக இரண்டு மணி நேரத்தில் முதல் பனிப்பூ விழும்.

என் முதல் குளிர்காலத்தில் ஒரு புயல் முடிந்த காலை, காரை எடுக்க இறங்கினேன். தெருவில் கார்களே இல்லை. இருபது வெள்ளை மேடுகள் இருந்தன. என் மேட்டை அடையாளம் பிடித்துத் தொடங்கினேன். முதல் வாரிப் பனியை எறிந்தேன். அது அப்படியே என் வாய்க்குள் வந்தது.

"காத்துக்கு எதிரா எறியாதேயும் தம்பி! தூக்காதேயும், தள்ளும்! நாரியை வளைக்காதேயும், முழங்காலை மடியும்!"

பெரியவனை ஊன்றிக்கொண்டு அக்கா எனக்கு முன்னால் நின்றார். உதைபந்தாட்ட மைதானத்தின் ஓரத்தில் நிற்கிற பயிற்சியாளர் தோற்றுப்போவார். "ஆ! அப்பிடித்தான்! இன்னும் கொஞ்சம்! கண்ணாடி தெரியுது! விடாதேயும்!" இரண்டு மணி நேரம் அள்ளினேன். கை எரிந்தது. கடைசிப் பாளத்தைத் தள்ளினேன். உள்ளே ஒரு நீலக் கார் இருந்தது.

என்னுடையது சிவப்பு.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டிலிருந்து ஒரு கிரேக்கக் கிழவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தார். காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் கலங்கி, என் இரண்டு கையையும் பிடித்து "மெர்சி, மெர்சி" என்றார். ஏறினார். போய்விட்டார்.

"பரவாயில்லை தம்பி, நல்ல வடிவா அள்ளியிருக்கிறீர்," என்றார் அக்கா.

"அக்கா, உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். நீர் தொடங்கேக்கையே தெரியும். அந்தக் கிழவனுக்கு நாரி ஏலாது. உமக்கு வயசு முப்பது. நான் ஏன் வாயைத் திறப்பான்?"

பிறகு என் காரைத் தோண்ட அவரே வந்தார். நான் ஒரு வாரி அள்ளுகிற நேரத்தில் அவர் மூன்று. முடிந்ததும் தன் வீட்டுக்குள் கூப்பிட்டுப் பிளேன்ரீயும் சீனியும் தந்தார். ஏன் இவ்வளவு சந்தோசம் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நான் இந்த வீட்டுக்கு வந்து மூண்டு வருஷம், பக்கத்து வீட்டு ஆக்களின்ர முகம் தெரியாது தம்பி. எல்லாருக்கும் ஷிப்ட். ஒருத்தர் போகேக்க மற்றவர் நித்திரை. என்ர மனுசனும் செத்துப்போனார், மகன் லவாலுக்குப் போட்டான். சுவரோடதான் கதை. பிறகு ஒரு பெரிய புயல் அடிச்சுது. விடிய எல்லாக் கதவும் ஒண்டாத் திறந்துது. எல்லாரும் சவளோட நிக்கினம், சிரிக்கினம், பேர் கேக்கினம். ஆக்களைக் காணுற நாளுக்கு வடிவா வெளிக்கிட வேண்டாமோ?"

அந்தத் தெருவில் அக்காவோடு கதைக்காத ஒரே ஆள் மாஸ்ரர்தான். யாழ்ப்பாணத்தில் முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவர். மகளிடம் வந்தவர்; மகள் ரொறன்ரோவுக்கு மாறிப்போக, பென்சனும் பிடிவாதமுமாக இங்கேயே தனியாக இருந்தார். அவருடைய கதவுக்கு வெளியில்தான் வளைந்து ஏறுகிற இரும்புப் படி முடிகிறது. அக்கா ஒரு நாள் காலை ஆறு மணிக்குச் சண்டியனால் அந்தப் படியைச் சுரண்டியிருக்கிறார். இரும்பில் இரும்பு. மாஸ்ரர் கதவைத் திறந்து ஒரே ஒரு சொல் சொன்னார்: "விசரி." பைத்தியம் என்ற அந்தச் சொல்லோடு பேச்சு முறிந்தது. இரண்டு வருஷம். ஆனால் படி மட்டும் ஒவ்வொரு புயலுக்கும் ஆறு மணிக்குச் சுரண்டப்பட்டது.

அடுத்த வருஷம் மாஸ்ரரின் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு வான் வந்து ஏற்றிப்போகும். அந்த மாசியில்தான் பெரிய புயல் வந்தது. மலை மறைந்ததை அக்கா சொல்லக்கூட நேரமில்லை, எதிர்வீடே மறைந்துவிட்டது. இரண்டு பகல், இரண்டு இரவு. வான் வரவில்லை. மாஸ்ரருக்கு ஒரு முறை தவறியது. மூன்றாம் நாள் காலை நான் சோறு கொண்டுபோனபோது அவருடைய கால்கள் இரண்டும் தலையணை போல வீங்கியிருந்தன.

ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். "எப்படியாவது இன்றைக்கே கூட்டி வாருங்கள்" என்றார்கள். அம்புலன்சுக்கு அடித்தேன். எங்கள் தெருவுக்குள் எந்த வண்டியும் வர முடியாது, பல மணி நேரம் ஆகலாம் என்றார்கள். டாக்சிக்காரர் சிரித்தார். நான் கீழே ஓடினேன்.

அக்கா தொங்கல் தோட்டோடு வாசலில் நின்றார். கேட்டு முடிக்கவில்லை, கூனனைக் கையில் எடுத்துவிட்டார்.

"மெட்ரோ ஓடுதோ?"

"ஓடுது அக்கா. ஆனா அங்க எப்பிடிப் போறது? ஆறு புளொக்!"

"நிலத்துக்குக் கீழ ஸ்னோ இல்லைத்தானே! மெட்ரோ வாசல் மட்டும் கொண்டுபோனாப் போதும், ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஏறலாம். உம்மட மகளின்ர சறுக்கு வண்டியைக் கொண்டாரும்!"

அது பிங்க் நிறம். முன்னால் கொம்பு வைத்த வெள்ளைக் குதிரைப் படம். அக்கா இருபது நிமிசத்தில் படியைத் துடைத்தெடுத்தார். நானும் மனிசியும் மாஸ்ரரை மூன்று கோட்டுக்குள் சுற்றி, ஒவ்வொரு படியாக இறக்கினோம். கீழே வந்து வண்டியைக் கண்டதும் மாஸ்ரர் நின்றுவிட்டார்.

"குதிரைக்குக் கொம்பு வைச்சவன் ஆர்?"

"மாஸ்ரர், ஏறுங்கோ."

"நான் இதில இருக்கமாட்டன். என்னட்டப் படிச்ச பெடியள் எஞ்சினியராயிருக்கிறாங்கள்."

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, அந்த மனுசனிட்டச் சொல்லும், எஞ்சினியர்மார் ஒருத்தரும் இண்டைக்கு இந்தத் தெருவில இல்லையெண்டு."

மாஸ்ரர் இருந்தார். தார்ப்பாயால் மூடிக் கட்டினோம். முகம் மட்டும் வெளியே. மனிசி மகளோடு வீட்டில் நிற்க, அக்கா முன்னால் வழி வெட்ட, நான் கயிற்றை இழுக்க, புறப்பட்டோம். காற்று முகத்தில் ஊசி குத்தியது. பனி எனக்கு இடுப்பு மட்டம், அக்காவுக்கு நெஞ்சு மட்டம். அக்கா அள்ளினாவா, நீந்தினாவா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.

"தம்பி, மாஸ்ரரைக் கேளும், குளிருதோ எண்டு!"

கயிற்று நீளம் பின்னால் இருந்து மாஸ்ரரின் பதில் வந்தது: "அவவிட்டச் சொல்லும், குளிரேல்லை எண்டு."

"தம்பி, கேளும், இறுக்கிப் பிடிச்சிருக்கிறாரோ?"

"சொல்லும், கை கட்டிக் கிடக்கு, எதால பிடிக்கிறது எண்டு."

இரண்டு புளொக் இப்படியே போனது. மூன்றாவதில் பின்னாலிருந்து பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மாஸ்ரரின் தலை சரிந்திருந்தது. அக்கா கூனனைப் போட்டுவிட்டு விழுந்தடித்து வந்து, கையுறையைக் கழற்றி, அவருடைய கன்னத்தைத் தட்டினார். இரண்டு வருஷத்தில் முதன்முறையாக நேரே கதைத்தார்.

"மாஸ்ரர்! கண்ணைத் திறவுங்கோ! பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்கோ!"

கண் திறந்தது. "விசரி," என்றார்.

"ஓம், விசரிதான். சொல்லுங்கோ!"

"ஒரு பதினேழு பதினேழு... இரு பதினேழு முப்பத்திநாலு..."

"சத்தமா!"

அக்கா கூனனைத் திரும்ப எடுத்தார், நான் இழுத்தேன். வாய்ப்பாடு பின்னால் வந்தது. எண்பதிலும் நூற்றிலும் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "எண் பதினேழு... நூற்றி முப்பத்தாறு... ஒன்பது பதினேழு... நூற்றி நாற்பத்திமூண்டு..."

"அப்பிடித்தான் மாஸ்ரர், விடாதேங்கோ!" என்றார் அக்கா. அவருக்குக் கணக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நூற்றி ஐம்பத்திமூன்று வர வேண்டும். முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்த மாஸ்ரர் வாய்ப்பாட்டில் பிழை விட்டார். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

"அக்கா, பிழை! பிழையாச் சொல்லுறார்!"

அக்காவின் முகம் மாறியது. மூலையில் எங்களுக்கு முன்னால் ஒரு பனிச் சுவர், என் தலைக்கு மேல் உயரம். அதற்கு அந்தப் பக்கம் ஏதோ உறுமியது. செம்மஞ்சள் விளக்கு சுழன்றது. நடைபாதையைத் துப்புரவாக்குகிற சின்ன உழவு வண்டி! எங்களை விட்டு மற்றத் திசையில் திரும்பிப் போகப் பார்த்தது.

அக்கா அந்தச் சுவரில் ஏறிய வேகத்தைப் பூனை கண்டிருந்தால் வெட்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் வழுக்கி விழுந்தார். எழும்பினார். வண்டிக்கு நேர் முன்னால் போய், கூனனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் அகட்டி நின்றார்.

"நோ! நோ! அரே!" என்றார், தெருப் பலகையில் படித்த 'நில்'.

வண்டி அவருடைய வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கண்ணாடியைத் திறந்து ஒரு இளம் பெட்டை எட்டிப் பார்த்தாள். இது தன் பாதை இல்லை என்பதுபோல் வேகமான பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அக்காவிடம் இருந்தது மொத்தம் நாலைந்து பிரெஞ்சுச் சொல். அத்தனையையும் ஒரே மூச்சில் எறிந்தார்.

"மெஸ்யூ மலாட்! திரே மலாட்! மெட்ரோ! வீத், வீத்! சில்வூப்ளே!" ஐயாவுக்குச் சுகமில்லை, சீக்கிரம், தயவுசெய்து என்று அர்த்தம்.

அவள் இறங்கிச் சுவரில் ஏறி எட்டிப் பார்த்தாள். கொம்புக் குதிரை, தார்ப்பாய், அதற்குள் ஒரு நரைத்த தலை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் வண்டியில் ஏறினாள். அடுத்த நிமிசம் அந்தப் பனிச் சுவர் நடுவால் பிளந்தது.

பிறகு நடந்ததை நான் நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். முன்னால் விளக்குச் சுழற்றிக்கொண்டு வண்டி. அதன் பின்னால் கூனனைத் தோளில் சாய்த்தபடி அக்கா. அதன் பின்னால் நான் கயிறு பிடித்து ஓட, பிங்க் வண்டியில் மாஸ்ரர். பல்கனிகளில் சனம் வந்துவிட்டது. பஞ்சாபிக்காரர் கத்தினார்கள், வங்காளிகள் கை தட்டினார்கள். மகள் வீட்டில் நின்ற நீலக் காரின் கிரேக்கக் கிழவர் யன்னலைத் திறந்து சிலுவை போட்டுக்கொண்டார். மீதி மூன்று புளொக்கும் மூன்று நிமிசமாக முடிந்தது. மெட்ரோ வாசலில் வண்டி நின்றதும் அந்தப் பெட்டை இறங்கி மாஸ்ரரின் ஒரு தோளைப் பிடித்தாள். மற்றத் தோள் நான்.

ரயிலில் எல்லாரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். தோடு, பவுடர், உடம்பெல்லாம் பனி, கையில் ஐந்தடிச் சவள்.

ஆஸ்பத்திரியில் மாஸ்ரரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நாலு மணி நேரம். அக்கா செபமாலையை உருட்டினார். பிறகு தாதி வந்து, உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றாள். உள்ளே கூட்டிப்போனாள். மாஸ்ரர் கண் விழித்துக் கிடந்தார். தாதி அக்காவைக் காட்டி, "உங்கள் மனைவியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ!" என்றார் மாஸ்ரர்.

"நோ!" என்றார் அக்கா.

இரண்டு பேரும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மாஸ்ரர் நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அடுத்த புயலுக்கு அக்கா ஆறு மணிக்குப் படியைச் சுரண்ட, அவர் கதவைத் திறந்தார். நான் மேலே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"பிள்ளை, ஒன்பதாம் படியில இன்னும் ஐஸ் கிடக்கு."

"கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கோ மாஸ்ரர், அது எட்டாம் படி."

அந்தக் குளிர்காலம் முழுக்க இந்தக் கணக்குச் சண்டை நடந்தது.

இப்போது அந்த வீட்டில் நாங்கள் ஒருவரும் இல்லை. மாஸ்ரர் கடைசியில் மகளிடமே போனார். நாங்கள் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கிவிட்டோம். அக்காவை மகன் லவாலில் தன் கொண்டோவுக்குக் கூட்டிப்போய்விட்டான். ஏழாம் மாடி. அங்கே பனியை அள்ள ஆட்கள் வருகிறார்கள். கடைசிப் புயலுக்குப் போன் அடித்துக் கேட்டேன், என்ன செய்கிறீர்கள் என்று. "யன்னலால பாத்துக்கொண்டு நிக்கிறன் தம்பி. அவங்களுக்குத் தள்ளத் தெரியாது," என்றார். குரல் எழும்பவில்லை.

எங்கள் வாசலில் பனி தள்ளுகிற கொம்பனிக்காரர் போன கிழமை வந்து, இந்த வருஷமும் வரட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். மனிசி ஏன் என்றாள்.

"அக்காவைக் கேட்டிருக்கிறன். குளிர்காலம் முடியும் மட்டும் எங்களோட வந்து நிக்கச் சொல்லி."

மனிசி எழும்பிப் போய்க் கீழ் அறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்தாள்.