மிஷின் நுழையாத வயல்

என் தங்கை பெற்ற தங்கத்துக்கு,

கலப்புப் பயிர்ச் சக்கரவர்த்தியும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான், அரியணையில், அதாவது ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில், அமர்ந்து எழுதுவது. இங்கே நானும் வயலும் சுகம். உன் வீட்டுக்காரரும், உன்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் அந்த மேனேஜரும் சுகமாக இருக்கக் கடவர்.

அறுப்புக்கு வர முடியாது மாமா, மிஷினைக் கூப்பிட்டுக்குங்க என்று சொல்லி, மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். விதைக்கிற அன்று, விதைக் கடைக்காரர் சொன்னபடி மக்காச்சோளம் தனி வரிசை, தட்டைப்பயறு தனி வரிசை, ஓரத்தில் பூசணி என்று திட்டம் போட்டு நின்றேன். அப்போது அடித்தது பார் ஒரு காற்று, மூன்று விதையும் ஆகாயத்தில் கைகோத்து ஆடிவிட்டு, வயல் முழுக்கக் கலந்து இறங்கின. இப்போது பயறு சோளத்தின் தோளில் ஏறி நிலாவுக்கு வழி கேட்கிறது. பூசணி வரப்பைத் தாண்டி, சமையலறை ஜன்னல் வழியே உள்ளே வந்து, உன் அத்தை உட்காருகிற இடத்தில் ஒரு காயை வைத்துவிட்டது. நானும் நகர்த்தவில்லை, அவள் போன பிறகு இங்கே நான் பேசினால் சுவரில் முட்டி எனக்கே திரும்பி வருது, இதுவாவது குறுக்கே பேசாம கேக்குது. மிஷின்காரர் வந்தார், சுற்றிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"பெரியவரே, இதுல எதை அறுக்கறது, எதை விடறது? வீட்டு ஆளுங்களை வரச் சொல்லிக் கையால பறிங்க."

ஆக, உன்னைக் கூப்பிடுவது நானில்லை, அவர் உத்தரவு. எனக்கு மூச்சுவிட நேரமில்லை. நீ வந்தாலும் கவனிக்க முடியுமோ என்னவோ.

சோளமாக ஓங்கி, பூசணியாகப் பரந்து, பயறு மாதிரி சாய ஒரு தோளும் வாய்த்து நீ நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: காற்றெல்லாம் அடிக்கவில்லை. மூன்று விதையையும் ஒரே சாக்கில் கொட்டிக் குலுக்கி நான்தான் வீசினேன். வரிசையாப் போட்டா மிஷின் வந்து, வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுட்டுப் போயிடும். கலந்து போட்டா கையாலதான் பறிக்கணும், ஆள் வேணும், நீ வருவேன்னு நினைச்சேன். நேரமும் இருக்கு, நிறையவே இருக்கு. பயறு காய்ந்து பட்டுப் பட்டுன்னு வெடிக்க ஆரம்பிச்சாச்சு. கேட்டைத் திறக்கிற சத்தம் மாதிரியே இருக்கு. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்த்துட்டு வர்றேன். வந்துடும்மா.