பயணி வகை, சரக்கு வகை

மனித குலம் இதுவரை செய்தவற்றுள் மிகவும் நேர்மையானது நெடுந்தூர ஜெட் விமானமே என்பதைப் பணிவுடன் அறியத் தருகிறேன். அது இரண்டு வகைப்படும். பயணி வகைக்கு ஜன்னல் உண்டு, கதிரை உண்டு, இனிப்பு நீட்ட ஆள் உண்டு. சரக்கு வகைக்கு இவை ஒன்றும் இல்லை; விலாவில் லொறி நுழையுமளவு கதவு மட்டும் உண்டு. பத்திரம் சரியென்றால் இரண்டும் ஏற்றும். இல்லையென்றால் இரண்டும் ஏற்றா.

கண்டியில், விமானச் சரக்கு அனுப்பும் கம்பனியொன்றில் நான் கடிதப் பகுதி எழுதுவினைஞர். என் மேசைக்கு எதிரே இரண்டு வகைகளின் படங்களும் அருகருகே தொங்கும்.

1984இல் எங்கள் முகாமையாளர் நவரட்ணராஜாவுக்கு ஒரு ‘நவீன யோசனை’ உதித்தது. வெளிநாட்டார் தேயிலையோடு அதைப் பறித்தவரின் முகத்தையும் விரும்புகிறார்களாம். ஆகவே மடுல்கெல்லத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அங்கம்மாவைப் படம்பிடித்துத் தேயிலைத் தகரப் பேணிகளில் ஒட்டினோம். கீழே: ‘அங்கம்மா. பிறப்பிடம் மடுல்கெல்ல, இலங்கை.’ ஏற்றுமதிக் கந்தோர் அதை இருபதே நிமிடம் பரிசீலித்து, உண்மையெனக் கண்டு, அரசாங்க முத்திரை குத்தியது.

அதே மாதம் அங்கம்மாவுக்குக் குவைத்தில் வீட்டு வேலை சரிவந்தது. முந்திய வருடம் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் எரிந்த அவளது லயக் காம்பராவுக்கு, அதாவது தோட்ட வரிசை வீட்டின் ஓர் அறைக்கு, கூரை போட வேண்டும். கொழுந்துக் காசில் அது நடக்காது. விசா முப்பதாம் திகதியோடு முடியும். தோட்டத்து ஆட்கள் பாஸ்போட் எடுக்கப் பிரஜாவுரிமைப் பத்திரம் வேண்டும். பத்திரம் கூரையோடு போய்விட்டது. பிரதி கேட்டு ஆறு கடிதங்கள் எழுதினேன், திகதியிட்டு, இலக்கமிட்டு. ஆறாவதற்குப் பதில் வந்தது: நேரில் வருக, மூலப்பத்திரத்தையும் கொண்டுவருக.

அங்கம்மாவும் நானும் போனோம். பதிவுக் கந்தோர் அதிகாரி தமிழ் தெரிந்தவர், பண்பானவர். எங்களுக்கும் கதிரை தந்தார்.

“மூலப்பத்திரம்?”

“எரிஞ்சு போச்சுங்க ஐயா.”

“எரிந்ததற்கு அத்தாட்சி?”

“லயம் அப்படியே நிக்குதுங்க. வந்து பாருங்க. கூரைதான் இல்ல.”

கூரை இல்லாமை ஓர் ஆவணம் ஆகாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். நான் பேணியை மேசையில் வைத்தேன். அவர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முகம் சரி. முத்திரையும் அரசாங்கத்தினதுதான். ஆனால் இது தேயிலைக்கு மட்டும் செல்லும்.”

அங்கம்மா பேணியில் இருந்தவளைப் பார்த்தாள். “இவ எப்பங்க போறா?” என்று என்னிடம் கேட்டாள்.

“செவ்வாய்க்கிழமை.”

“குடுத்து வச்சவ.”

அதிகாரி நான்கு பதிவேடுகளை வரவழைத்து, விரல் வைத்துத் தேடி, ஒவ்வொன்றாக மூடினார். “உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.”

“இருக்குங்க ஐயா,” என்றாள் அங்கம்மா. “கலவரத்தன்னைக்கு லயத்த எரிக்க வந்தவங்க கையில ஒரு பட்டியல் இருந்துச்சு. டைப் அடிச்சது. ஏழாம் நம்பர் லயம், மூணாங் காம்பரா, அங்கம்மான்னு வாசிச்சுப் பாத்துட்டுத்தான் பத்த வச்சாங்க.”

அதிகாரி பேனாவை மூடினார். எதையும் எழுத்தில் தரவேண்டும் என்றார்.

எழுத்தில் தருவது என் தொழில். ஏழாவது கடிதத்தை அன்றே அனுப்பினேன்: ‘விண்ணப்பதாரியின் பெயரும் வதிவிடமும் மேற்படி பட்டியலில் பிழையின்றிப் பதியப்பட்டுள்ளமையால், அதன் உறுதிப்படுத்திய பிரதியொன்றைத் தங்கள் கந்தோர் பெற்று வழங்குமாறு வேண்டுகிறேன்.’

செவ்வாய்க்கிழமை சரக்கு வகை நானூறு அங்கம்மாக்களோடு கட்டுநாயக்காவிலிருந்து எழும்பியது. முப்பதாம் திகதி பயணி வகை ஒரு கதிரை காலியாக, குறித்த நேரத்தில் எழும்பியது. அதற்கு மறுநாள் பதில் வந்தது. ஒரே வரி. அவ்வளவு தெளிவான அரசாங்கக் கடிதத்தை என் சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை:

‘மேற்படி பட்டியல் தொடர்ந்தும் பாவனையில் உள்ளமையால், பிரதி வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம்.’