குரங்குக்கு வெட்டிய அகழி

"இன்னியிலேருந்து குரங்கு என் இலாகா!" என்று அறிவித்தேன்.

என் மனைவி ஜெயலெட்சுமி முறிந்த வெண்டைச் செடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் எனக்கு ரோஷமே வந்தது.

எங்கள் வீடு தண்ணீர்மலைப் பக்கம். சமையலறைக்குப் பின்னால் கொஞ்சம் மண். அதற்குப் பின்னால் காடு. அந்தக் கொஞ்சம் மண்ணில் வெண்டை, பயற்றங்காய், வெள்ளரி என்று ஒரு காய்கறிப் பாசாரையே வளர்த்திருந்தாள். காலையில் குரங்குக் கூட்டம் இறங்கி வந்து பாசாரை மூடிவிட்டது. இந்த வெள்ளரியில் ஒரு கடி, அந்த வெள்ளரியில் ஒரு கடி. எதையும் முழுசாகத் தின்னவில்லை. பந்தியில் குறை கண்டுபிடிக்க வந்த சம்பந்தி வீட்டார் மாதிரி.

"பிறையில இருக்கிற எங்க ஃபேக்டரியில எண்பது பேர் என்னைப் பாத்து நடுங்குறாங்க. என்கிட்டயே வாலாட்டுதா?"

"அதுக்கு வால் இருக்கு, ஆட்டுது. நீங்க ஏங்க ஆடுறீங்க?"

என் பழைய யூனிஃபார்மை மாட்டி, தலைக்கு ஹெல்மெட் வைத்து, ஒரு பொம்மை நிறுத்தினேன். அசல் நானே. குரங்குகள் வந்தன. ஒன்று தோளில் ஏறி, ஹெல்மெட்டைக் கழற்றி, பேன் பார்த்தது.

"பாவங்க, சொந்தக்காரர்னு நெனச்சிருச்சு," என்றாள்.

ரப்பர் பாம்பு போட்டேன். குட்டிக் குரங்கொன்று அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சிவபெருமானாக மரமேறியது.

அன்று சாயங்காலம் ஜெயலெட்சுமி டீயை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, ராஜா காலத்துல எதிரி வராம இருக்க அகழி வெட்டுவாங்கல்ல? நம்மளும் சுத்தி வெட்டினா என்ன? ஆனா மலை மண்ணு, கல்லு மாதிரி இருக்கு. உங்களுக்கு முதுகு வேற வலிக்கும். பக்கத்து வீட்டு பக்கிரிசாமி அண்ணே வெட்டித் தரேன்னாரு. எழுபது வயசுலயும் என்னா தெம்பு லா அவருக்கு!"

நான் மண்வெட்டியைத் தேடிப் போனேன்.

லீவு நாளெல்லாம் வெட்டினேன். கை கொப்பளித்தது. ஜெயலெட்சுமி ஐஸ் மைலோ டம்ளரோடு நின்று உத்தரவு போட்டாள்.

"இன்னும் ஆழமா. எதிரி பலசாலி. கல்லையெல்லாம் பொறுக்கிப் போடுங்க. மண்ணைக் கட்டியில்லாம உடைச்சு விடுங்க."

அகழிக்கு எதற்கு மண்ணை உடைக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஒருவழியாக முடித்து நிமிர்ந்தபோது, வேலிக்கு மேலே பக்கிரிசாமி அண்ணன் தலை தெரிந்தது.

"என்ன தங்கராஜு, வாய்க்காலா?"

"அகழி அண்ணே. குரங்குக்கு. நீங்ககூட வெட்டித் தரேன்னீங்களாமே?"

"நானா? மூட்டு வலியில எனக்கு மாடி ஏறவே முடியல. ஏன் தம்பி, கடலையே தாண்டின பரம்பரை, உன் குழியைத் தாண்டாதா?"

திரும்பிப் பார்த்தேன். ஜெயலெட்சுமி என் அகழிக்குள் இறங்கி எருவைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் கிழங்கு, இஞ்சி, ஒரு கிண்ணம் பாகல் விதை.

"என்ன இது?"

"நீங்க குரங்கை முறைச்சிட்டு இருந்தீங்க. நான் அது எதைத் தொடலைன்னு பாத்துட்டு இருந்தேன். வேலியோரத்து மஞ்சளையும் பாகக்கொடியையும் மோந்து பாத்துட்டு விட்டிருச்சு. அதையே போட்டா சண்டையே இல்ல. மண்ணைத்தான் என்னால கொத்த முடியல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"தீபாவளியிலேருந்து கேக்குறேன். முதுகு வலின்னீங்க."

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கோ கைதட்டத் தோன்றியது. குரங்கை விரட்டாமல் தோட்டத்தைக் காப்பாற்றி, கெஞ்சாமல் புருஷனிடம் வேலை வாங்கிய இவள் மட்டும் எங்கள் ஃபேக்டரிக்கு மேனேஜராக வந்தால், ஜப்பான்காரன் பிறைக்கு வந்து பாடம் படிப்பான்.

இப்போது பந்தல் தாங்காமல் பாகற்காய் தொங்குகிறது. கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து அவள் அக்கா ஃபெரி ஏறி வந்து விதை வாங்கிப் போனாள். அக்கம்பக்கமெல்லாம் ஜெயலெட்சுமி பேச்சுத்தான். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கிழட்டுக் குரங்கு தைரியமாகப் பாகற்காயைப் பறித்து ஒரு கடி கடித்தது. முகம் எட்டுக் கோணலானது. தூவென்று துப்பிவிட்டு, என் தட்டிலிருந்த பாகற்காய்ப் பொரியலையும், பாகற்காய்க் குழம்பையும், பாகற்காய் வறுவலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போயிற்று.

"இன்னும் கொஞ்சம் வைக்கவாங்க?" என்றாள் ஜெயலெட்சுமி.

துப்புகிற சுதந்திரமெல்லாம் காட்டில் இருப்பவர்களுக்குத்தான். நான் தட்டை நீட்டினேன்.