எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் ஒட்டுக்கேட்கிறது

மஞ்சூர்

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் ஜாபேஸுக்கு மாமா சில்வஸ்டரின் ஸ்தோத்திரம். இங்கே வெயிலைத் தவிர எல்லாம் கிடைக்கிறது. உங்கள் சுகத்தையும் மகள் ஜூடித்தின் சுகத்தையும் கர்த்தர் காப்பாராக.

போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். ஹாலில் நீங்கள் மாட்டிய கேமராவில் படம் வரவில்லை என்றதும், கம்ப்யூட்டரில் ‘போர்ட்’ என்கிற வாசல்களில் எது திறந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னீர்கள் அல்லவா? நீங்கள் சொன்னபடி கறுப்புத் திரையைத் திறந்து netstat -an என்று அடித்தேன். மளமளவென்று எண்களாக ஓடி நின்றது, பார்த்தால் வரிக்கு வரி ‘லிசனிங்’ என்று போட்டிருக்கிறது! யாரோ நம் பேச்சைக் கேட்கிறார்கள் என்று உங்கள் அத்தையின் காதில் சொன்னேன். மெட்டில்டா பயப்படவே இல்லை. “ஏனுங்க, நெசமாவா? இந்த ஊட்டுல நான் பேசறதைக் கேக்கக்கூட ஒரு ஆளு இருக்குதுங்களா?” என்றாள். அன்று முழுக்க ஜாடையிலேயே பேசினோம். நான் டீ கேட்டேன், சுடுதண்ணீரும் சோப்பும் வந்தன.

மறுநாள் நான் சமையலறையில் கேரட் சீவிக்கொண்டிருக்கிறேன், ஹாலில் இவள் குரல். எட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “யாரு கேக்கறீங்களோ தெரியலைங்க. பஸ் ஸ்டாப்புல இருந்து மேடு ஏறுனா மூச்சு வாங்குதுங்க, கண்ணு இருட்டிக்கிட்டு வருது. இவருகிட்ட சொன்னா, குளிரு ஜாஸ்தி, ஸ்வெட்டர் போடுன்னு சொல்லிப்போடுவாரு.” மாப்பிள்ளை, நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சீவிய கேரட்டை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். “கிளம்பு, குன்னூர் போலாம்” என்றேன். டாக்டர் அம்மா பரிசோதித்துவிட்டு, ரத்தம் ரொம்பக் குறைவு, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிரமம் என்றார். மாத்திரை சாப்பிடுகிறாள். முகத்தில் களை வந்திருக்கிறது, என்னை அதட்டவும் தெம்பு வந்துவிட்டது.

ஆகவே, கேமராவைச் சரிசெய்ய வரும்போது எந்தப் போர்ட்டை வேண்டுமானாலும் மூடுங்கள், அந்த ‘லிசனிங்’கை மட்டும் தொடாதீர்கள். மனதில் உள்ளதைச் சொல்ல அவளுக்கு ஓர் இடம் வேண்டும்.

உங்கள் இருவர் தலைமேலும் கர்த்தருடைய கரம் இருக்கட்டும்.

அன்புள்ள மாமா,
சில்வஸ்டர்

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். கவரை ஒட்டச் சொல்லி எங்கிட்டதான் கொடுத்தாருங்க. லிசனிங்னா ஏதோ புரோகிராம் காத்துக்கிட்டு இருக்குது, ஆளெல்லாம் இல்லைன்னு ஜூடித் அன்னைக்கே போன்ல சொல்லிட்டா. இவரு சமையக்கட்டுல நிக்கறாருன்னு தெரிஞ்சுதானுங்க சத்தமாப் பேசுனேன். நீங்க ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. பைக்காரா ஏரியில போட்டுல போகணும்னு நாளைக்குக் கம்ப்யூட்டருகிட்டச் சொல்லலாம்னு இருக்கறேன்.