எழுதுற கைப் பக்கம் திருப்பு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவுடன் எழுதுவது. இங்கு மூவரும் உடலளவில் நலம். தங்கள் முட்டிவலியும் அத்தையின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"பேத்தி ஒண்ணாம் வகுப்பு முடிக்கப் போறாளே, என்னதான் கத்துக்கிட்டா?" என்று தாங்கள் போனில் கேட்டபோது, எழுத்து, கூட்டல், கழித்தல் என்று சொல்லி மழுப்பிவிட்டேன். ஆயுள் முழுக்கத் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த தங்களிடம் மீதியைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் தங்கள் மகள் முந்திக்கொள்வதற்குள் என் தரப்பைச் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை தங்கள் மகளுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. பாப்பாவுக்கு உருளைக்கிழங்கு வறுத்துக் கொடுக்கலாம் என்று எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றி, தீயை சிம்மில் விட்டுவிட்டு, குப்பை வாளியை வாசலில் வைக்க வெளியே கால் வைத்தேன். அடித்தது பாருங்கள் ஒரு காற்று, கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து திருகினால் திறக்கும், வெளியேயிருந்து சாவி வேண்டும். சாவி, போன், சட்டை எல்லாம் உள்ளே. நான் பனியனோடு வெளியே. பாப்பா இருக்கிறாளே என்று தைரியமாகத் தட்டினேன்.

"யாரு?"

"அப்பாதாம்மா. கதவைத் திற."

"ரகசிய வார்த்தை சொல்லுங்க."

இது அவங்க டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடமாம் மாமா. யார் தட்டினாலும் வீட்டுக்குள்ள பேசி வெச்ச வார்த்தையைச் சொன்னாத்தான் திறக்கணுமாம். அம்மாவும் பொண்ணும் ஒண்ணு பேசி வெச்சிருக்காங்க, என்கிட்ட சொல்ல மறந்துட்டாங்க. கெஞ்சினேன், அதட்டினேன். "முயலா? கரடியா? ஒட்டகமா? பொம்மையா? ஊஞ்சலா?"ன்னு வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். எல்லாத்துக்கும் "இல்ல, இல்ல"ங்கிறா. பக்கத்துக் கடை டெய்லர் கத்தரிக்கோலும் கையுமா ஓடி வந்து தன் போனை நீட்டினார். யார் நம்பர் எனக்கு மனப்பாடமா இருக்கு? "பாப்பா, அம்மா நம்பரை ஸ்கூல்ல பாட்டாப் பாடுவியே, அதைச் சொல்லும்மா"ன்னேன். "தெரியாதவங்ககிட்ட நம்பர் சொல்லக் கூடாது."

"நான் தெரியாதவனா?"

"வார்த்தை தெரியலையே!"

டெய்லர் சம்சாரம் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாங்க. அப்பத்தான் எண்ணெய் தீயற வாடை மூக்குல ஏறுச்சு. சுவரைச் சுத்தி ஓடி சமையலறை ஜன்னல்ல பார்க்கிறேன், சட்டியிலேர்ந்து புகை கிளம்புது. கம்பிக்குள்ள கை நுழையும், அடுப்பு எட்டாது. டெய்லர் கடைக்கு ஓடி, துணி அளக்கிற குச்சியைக் கொண்டு வந்து கம்பி வழியா விட்டார். அது குமிழை விட்டுட்டுச் சட்டியை இடிச்சுது, எண்ணெய் தளும்புச்சு, "ஐயோ எடுங்க"ன்னு பிடுங்கிட்டேன். பாப்பா சமையலறை நிலைப்படியில நின்னு இருமுறா. "என் முகம் தெரியுதுல்ல, ஓடிப் போய்க் கதவைத் திறம்மா!" "தெரிஞ்சவங்களா இருந்தாலும் வார்த்தை கேக்கணும்ப்பா."

வேற வழியில்லை. "பாப்பா, சட்டியைத் தொடாதே. கீழே கறுப்பாக் குமிழ் இருக்குல்ல, அதை மட்டும் வலது பக்கம் திருப்பு."

"எது வலது?"

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"எழுதுற கை."

"அதேதான். எழுதுற கைப் பக்கம் திருப்பு!"

முக்கிப் பார்த்தா, நகரல. "இறுக்கமா இருக்குப்பா"ங்கிறா. புகைக்கு நடுவுல பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திருப்புறா. அப்பத்தான் பொறி தட்டுச்சு. நம்ம பாப்பா இடது கையால எழுதுறவ! "மத்த கை! மத்த கைப் பக்கம்!"னு அலறினேன். திருப்பினா, தீ புஸ்ஸுன்னு எழும்புச்சு. கையை எடுத்துட்டுப் பின்னால குதிச்சா. சிம்மிலேர்ந்து அணைக்கப் போனா நடுவுல பெரிய தீ வந்துதானே ஆகணும், அதை அவளுக்கு யார் சொன்னா? "பயப்படாதே, இன்னும் கொஞ்சம் திருப்பு, அப்பா இங்கேயே இருக்கேன்"னேன். என்னைப் பார்த்தா. மறுபடி வந்தா. டக். அணைஞ்சிடுச்சு. நான் அப்படியே ஜன்னலடியில உட்கார்ந்துட்டேன்.

தங்கள் மகள் சீருடையோட வந்து, சாவியைப் போட்டுத் திறந்து, பாப்பாவைத் தூக்கி விரல் விரலாப் பார்த்தா. ஒரு காயமில்லை. என்னைத்தான் பார்க்கலை. இன்னிக்கு வரைக்கும் பார்க்கலை. வார்த்தை ஒட்டகமாம்! நானும் கத்தினேனே, அந்தக் களேபரத்துல பாப்பா காதுல விழல போல. எண்ணெயை வெச்சுட்டு வெளியே போனது தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா பெத்த அப்பனாவே இருந்தாலும் விதி விதிதான்னு நின்னாளே, அந்த உறுதி யாருக்கு வரும்? அப்படியொரு படிப்பைச் சொல்லிக்கொடுத்த டீச்சரைப் போய்க் கும்பிட்டுட்டு வந்தேன். தாங்கள் அனுபவஸ்தர். குழந்தை இவ்வளவு விவரமாக இருக்கும் வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை என்று தங்கள் மகளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் நான் பிழைப்பேன்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும், எனக்கு இந்த வாரம் கூடுதலாக.

தங்கள் அன்பு மருமகன்

பி.கு.: பேத்தியும் தாத்தாவுக்கு எழுத வேண்டும் என்கிறாள். நான் பார்க்கக் கூடாதாம், உறையை ஒட்டுவதும் அவளேதானாம். திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

தாத்தா எனக்கு வார்தை மரந்து போச்சு. அதான் எல்லாதுக்கும் இல்ல சொன்னேன். அப்பாகிட்ட சொல்லாதிங்க.