கூரையில் ஆரஞ்சு விளக்கு

பந்தயத் தடத்தின் மூன்றாவது வளைவில் கார் தானாக நின்றது. உள்ளே ஆள் இல்லை. முன்னால் தடையும் இல்லை. அரை நிமிடம் பொறுமையாக நின்றுவிட்டு, மறுபடி நகர்ந்தது.

ரித்திகா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். "சார், காலையில நீங்க ஓட்டுறப்போ அந்த எடத்துல நின்னீங்களாங்க?"

"மயிலு ஒண்ணு குஞ்சுகளோட குறுக்க வந்துச்சு கண்ணு," என்றார் சுந்தரராஜுலு. "போகட்டும்னு நின்னேன்."

"வண்டி அதையும் கத்துக்கிச்சுங்க." அவள் சிரித்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது."

அந்தச் சொல்தான் அவரை உறுத்தியது. ஐம்பத்தாறு வருடமாகக் கோயம்புத்தூரில் இருப்பவர். இந்த ஊரில் யாரும் எதையும் முகத்துக்கு நேராக மோசம் என்று சொல்வதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில், 'நல்லாத்தானுங்க இருக்குது, போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க' என்று எழுந்தால், அந்தச் சேதி பேரன் காலம்வரைக்கும் வராது.

ரித்திகாவும் மிதுனும் கணபதியில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையின் மாடியில் ஒரு சின்ன நிறுவனம் நடத்தினார்கள். பந்தயத் தடத்தில் ஆளில்லாமல் ஓடும் கார் ஒன்றைச் செய்திருந்தார்கள். முதலில் ஒரு மனிதர் ஓட்ட வேண்டும். கார் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

அந்த மனிதராகச் சுந்தரராஜுலுவைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. '2070-இல் மோட்டார் பந்தயம்' என்று ஒரு மாத இதழில் பதினைந்து வருடமாக எழுதுகிறார். சக்கரமில்லாத கார், ஓட்டுநரின் மூளையோடு பேசும் எஞ்சின், மேகத்துக்குள் கொண்டை ஊசி வளைவு என்று அவர் எழுதாதது இல்லை. நிகழ்காலப் பந்தயம் எதையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. பத்தாவது சுற்றில் தூங்கிவிடுவார். சொந்தக் காரை முப்பத்தைந்துக்கு மேல் ஓட்டியதில்லை. அதன் ஐந்தாவது கியர் இன்னும் புத்தம்புதிதாக இருந்தது.

போன மாதம் அவர் சத்தி ரோட்டில் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்ததும், பின்னாலேயே வந்து இருவரும் கதவைத் தட்டினார்கள்.

"சார், நீங்க ஓட்டுறதப் பாத்தோமுங்க. எங்களுக்கு நீங்கதான் வேணுமுங்க," என்றான் மிதுன்.

கட்டுரையைப் பாராட்டக் கூச்சப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

"வண்டி எதுக்குன்னு உங்களுக்கு நாங்க சொல்லித் தரோணுமாங்க?"

"சேச்சே, அது தெரியாதுங்களா தம்பி," என்று சிரித்துவிட்டார். நிபுணர் கேள்வி கேட்டால் நன்றாகவா இருக்கும்?

தடத்தின் சொந்தக்காரர் காளிச்சாமி முன்னால் வெள்ளோட்டம். அவருக்குப் பிடித்தால் காரின் முகப்பில் 'சுந்தரராஜுலு-1' என்று பெயர் எழுதுவதாகச் சொன்னார்கள். பெயர் எழுதும் முன்பே, காங்கேயத்து மாமனார் வீட்டிலிருந்து சென்னிமலையில் போர்வை வாங்கும் கடைவரை அவர் சொல்லிமுடித்துவிட்டார். காரைப் பற்றி ஒரு கட்டுரையும் அனுப்பியாகிவிட்டது. அதன் கூரையில் இருந்த இரண்டு ஆரஞ்சு விளக்குகளை, 'மனித மூளையின் அலைகளை வாங்கும் ஏற்பிகள்' என்று அதில் விளக்கியிருந்தார்.

இப்போது அந்தக் கார் மயிலுக்காக நிற்கிறது.

மயில் விஷயத்தைச் சரிசெய்ய, மறுநாள் அவர் மூன்றாவது வளைவில் நிற்காமல் ஹாரன் அடித்தபடி போனார். பிறகு கார் தனியாக ஓடியபோது, எல்லா வளைவிலும் ஹாரன் அடித்தது. நேர் ரோட்டிலும் சும்மா இரண்டு தரம் அடித்துப் பார்த்துக்கொண்டது.

"கல்யாண வண்டியாட்ட இருக்குதுங்க," என்றார் தடத்தின் காவலாளி சின்னான்.

அதைச் சரிசெய்ய, வேகமாக ஓட்டுவது என்று முடிவெடுத்தார். வலது கால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தது. பயத்தில் இடது கால் பிரேக்கை மிதித்தது. மதியம் கார் தனியாகக் கிளம்பி, தும்மல் பிடித்த ஆள் மாதிரி தடம் முழுக்க உலுக்கிக்கொண்டே போய்வந்தது.

ரித்திகாவின் முகம் வாடியது. "சார், இதையெல்லாம் எடுத்துப்போடறேனுங்க. மொத நாள் நீங்க ஓட்டுனதே போதுமுங்க. அதுவே அருமைங்க."

அருமை! நல்லாத்தானுங்க என்பதற்கும் மேலே போய்விட்டார்கள். இனி மாலை போட்டு அனுப்பவேண்டியதுதான் பாக்கி என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டில் மனைவி ராமாமணி சோறு போட்டபடி கேட்டார்: "ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

சொன்னார்.

"மயிலுக்கு நின்னீங்களா?"

"குஞ்சு இருந்துச்சு ராமா."

"நீங்க மயிலு படம் போட்ட லாரிக்கே நிப்பீங்க."

ராமாமணி காங்கேயத்தில் அப்பாவின் எண்ணெய் மில்லைப் பார்த்துக்கொள்பவர். கோவையிலிருந்து எழுபது கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்தில் கடப்பார். பக்கத்தில் உட்காரும் நாட்களில் சுந்தரராஜுலு காங்கேயம் வரும்வரை கண்ணைத் திறப்பதில்லை.

"ராமா," என்றார் மெதுவாக. "நாளைக்கு வெள்ளோட்டம். காலையில புள்ளைங்க காளிச்சாமியக் கூட்டியாரப் போயிருவாங்க. நீ வந்து நாலு சுத்து ஓட்டிக் குடுத்தீன்னா..."

"பேரு?"

"வண்டிக்கு எம் பேருதான். ஏற்கெனவே எல்லாருத்துக்கும் சொல்லிப்போட்டேன்."

ராமாமணி இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "சென்னிமலைப் போர்வைக் கடைக்குக்கூடச் சொன்னீங்களா?"

"அங்கதான் மொதல்ல."

மறுநாள் காலை ராமாமணி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நாலு சுற்று ஓட்டினார். சுந்தரராஜுலு ஓரத்தில் நின்று வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாலாவது சுற்றில் சின்னானின் தலைத்துண்டு காற்றில் பறந்து போய் மரத்தில் மாட்டியது.

காரின் திரை கேட்டது: பழைய பாடங்களை அழிக்கலாமா?

சுந்தரராஜுலு ஆமாம் என்பதைத் தொட்டார். நிஜமாகவா என்று மறுபடி கேட்டது. இன்னும் அழுத்தமாகத் தொட்டார்.

பதினோரு மணிக்குக் காளிச்சாமி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கூடவே அதே உடுப்பில் ஆறு பேர். தடத்தில் நிஜமான ஓட்டுநர்கள் உட்கார்ந்த இரண்டு பந்தயக் கார்கள் உறுமின. ஆளில்லாத கார் அவற்றுக்கு முன்னால் நிறுத்தப்பட்டது. மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று சுந்தரராஜுலு நினைத்துக்கொண்டார்.

"நேத்தே எல்லாம் சரி பண்ணிட்டமுங்க அய்யா," என்றாள் ரித்திகா. "இப்பப் பாருங்க."

கொடி அசைந்தது. கூரையில் ஆரஞ்சு விளக்குகள் மின்னின. அடுத்த கணம் கார் அங்கே இல்லை.

முதல் வளைவைச் சீறிக்கொண்டு எடுத்தது. மூன்றாவது வளைவில் உண்மையாகவே வந்த மயில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தது. பின்னால் வந்த இரண்டு பந்தயக் கார்களும் முதலில் குழம்பின. பிறகு அதைப் பிடிக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டன. இரண்டாவது சுற்றில் கார் அவற்றுக்குப் பின்பக்கமாக வந்து, இரண்டையும் முந்திக்கொண்டு போனது.

சுந்தரராஜுலு கை தட்டினார். தடம் முழுவதிலும் அந்த ஒரு கைதட்டல்தான் கேட்டது.

மிதுன் தலையில் கை வைத்திருந்தான். ரித்திகா மடிக்கணினியில் எதையோ தேடினாள். "மொத நாள் பாடத்தக் காணமுங்க சார்... அது ஒண்ணுதானுங்க இருந்துச்சு..."

காளிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். "வண்டிய ஓட்டிப் பழக்குனது யாருங்க?"

"நான்தானுங்க!" சுந்தரராஜுலு நெஞ்சை நிமிர்த்தினார். சற்றுத் தள்ளி நின்ற ராமாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காளிச்சாமி கைகூப்பினார். "நல்லாத்தானுங்க இருக்குது. போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க."

ஏழு வெள்ளை வேட்டிகளும் வரிசையாக வெளியேறின. சுந்தரராஜுலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. மரத்திலிருந்து துண்டை எடுத்துக்கொண்டிருந்த சின்னானிடம் போனார்.

"ஏனப்பா, இத்தன வேகமா ஓடியும் யாருமே கைதட்டலையே?"

சின்னான் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ரேஸுல எவனாச்சும் மோதிப்போட்டா, முன்னால போயி மத்த வண்டியையெல்லாம் மெதுவாக் கூட்டிட்டு வர்ற வண்டி தானுங்களே சாமி இது? சத்தி ரோட்டுல உங்களுக்குப் பின்னால நாப்பது வண்டி ஊர்ந்து வந்தும், ஒருத்தனாலயும் முந்த முடியலைன்னுதானுங்களே உங்களத் தேடிப் புடிச்சாங்க!"