தென்னமரத்தடியில் கமலாத்தாள், கூடவே ஒரு குரங்கு

வாளையார்
11-2-1976

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் குடியிருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் குப்பண்ணன் அவர்களுக்கு, வாளையார்த் தோட்டத்து நஞ்சப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் எருமைகள் இரண்டும் நலம். அவ்விடம் தாங்களும், அக்காளும், நாலு நாளாகத் தங்கள் இல்லத்தில் கோபமாகத் தங்கியிருக்கும் தங்கள் தங்கையும் என் மனைவியுமான கமலாத்தாளும் நலமா என்று அறிய ஆவல். அவள் சாப்பிடுகிறாளா என்பதைத் தனியாக எழுதவும்.

நிற்க. அவள் தங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். என் நியாயத்தையும் தாங்கள் கேட்க வேண்டும். வேட்டை கூடாதுன்னு சட்டம் வந்தப்புறம் எனக்குக் கையும் ஓடாம காலும் ஓடாம இருந்தது உங்களுக்கே தெரியுமுங்க. நீங்களும் நானும் துப்பாக்கியத் தூக்கிட்டுப் போயி, மலையடிவாரத்துல கவுதாரிக்காக மூச்சப் புடிச்சுட்டுப் படுத்துக் கெடந்தமே, அந்தக் காலமெல்லாம் இனி வருமுங்களா? கண்ணாலமான புதுசுல, நாம குறி பாக்கற நேரம் பாத்துக் கெணத்துமேட்டுல கொடத்தை டமார்னு கீழ போடுவாளே உங்க தங்கச்சி, ஞாபகம் இருக்குதுங்களா? கவுதாரி பூராம் பறந்து போகும். "கை தவறிப் போச்சுங்க"ம்பா. மூணு வருசத்துல ஏழு கொடம் நசுங்குச்சு. அன்னிக்கு எனக்கு வந்த கோவம்! இப்ப நெனச்சா சிரிப்பு வருது. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள கெணத்துமேட்டைத் திரும்பிப் பாத்தர்றனுங்க.

போன வருசம் பேக்டரி இஞ்சினீயர் ஒருத்தர் மாத்தலாகிப் போறப்ப எனக்கு ஒரு கேமராப் பொட்டியக் குடுத்துட்டுப் போனாரு. சும்மா இருக்கட்டும்னு ஒரு கண்ண மூடி அதுல பாத்தனுங்க. வேலியோரத்துல ஒரு கீரி, பின்னங்கால்ல நின்னுட்டு, ஊட்டுக்கு ஒறம்பரை சனம் வந்தாச்சான்னு எட்டிப் பாக்கற மாதிரி என்னைப் பாத்துது. அட சாமி! இருவது வருசம் துப்பாக்கி புடிச்சவன் மச்சான் நானு, ஒரு மிருகத்தைக்கூட முழுசாப் பாத்ததில்ல. பாத்த மறுகணமே சுட்டாச்சே! அன்னிலிருந்து அணில் காது சொறியறதும், உடும்பு வரப்புல வெயில் காயறதும், பொட்டமயிலு மண்ணுல பொரண்டு குளிக்கறதும் பாத்துட்டே இருந்தா எனக்குச் சோறு தண்ணி வேண்டாமுங்க. கஞ்சி ஆறிப்போச்சுன்னு அவ மூணு தடவ கூப்புடுவா. நான் "உஸ்"ம்பேன். அதுதான் ஊட்டுல நாங்க பேசுன பேச்சு.

பட்டிப்பொங்கலன்னிக்கு மாடுகளுக்குப் படையல் வெச்சுட்டு அவ வந்து நின்னா. "ஏனுங்க, இருவத்தாறு வருசத்துல என்னை ஒரு போட்டோ எடுத்ததில்ல. அந்த ஓணானுக்கு மட்டும் ரெண்டு"ன்னா. அதுவும் நாயந்தானுங்களே. கண்ணாலப் பட்டுச் சேலையும் அட்டிகையும் போட்டுட்டுத் தென்னமரத்தடியில நின்னா. எடுத்தனுங்க. அவ அக்கட்ட நவுந்ததுந்தான் தாமசம், படையல்ல வெச்ச கரும்பைத் தூக்கிட்டு ஒரு கொரங்கு வந்து அதே மரத்தைத் தொத்திட்டுப் பல்ல இளிச்சுது. உடுவனா? அமுக்கிப்போட்டேன். ஒரு படம் எடுத்தா, பொட்டியோட திருகைத் திருகி உள்ள இருக்கற பன்னெண்டு படத்து ரோலை நவுத்தோணுமுங்க. துப்பாக்கிக்காரனுக்குக் கண்ணு மிருகத்து மேலதான் இருக்கும், கை மேல இருக்காதுங்களே. ஒரே எடத்துல ரெண்டு படமும் உளுந்து போச்சு.

பாலக்காட்டுலிருந்து போட்டோக்காரர் ஆசீர்வாதம் நேராவே கொண்டாந்து குடுத்தாரு. அன்னிக்குப் பாத்து ஊடு நெறைய ஒறம்பரை. படம் கைமாறிக் கைமாறிப் போகுது. கழுத்து வரைக்கும் பட்டும் அட்டிகையுமாக் கமலாத்தா. கழுத்துக்கு மேல கொரங்கு. எங்க பெரியம்மாளுக்குக் கண்ணு செரியாத் தெரியாதுங்களா, "கமலா கொஞ்சம் எளச்சுட்டா"ன்னுச்சு. அப்ப நான் சிரிச்சிருக்கக் கூடாதுங்க மச்சான். சத்தியமா அதுதான் நான் செஞ்ச தப்பு. "பன்னெண்டுல பதினொண்ணு மிருகத்துக்கு. எனக்குன்னு இருந்தது ஒண்ணு, அதுலயும் கொரங்குக்குப் பங்கா?"ன்னு கேட்டுப்போட்டுப் பதினோரு மணி பஸ்சுக்குப் போயிட்டா.

போனாப் போறான்னு நான் புது ரோலை மாட்டிட்டு உக்காந்தனுங்க. கூப்புட ஆளில்ல, இஷ்டம் போலப் பாக்கலாம்னு நெனப்பு. மொத நாளு மயிலு வரல. ரெண்டாம் நாளு கீரி வரல. மூணாம் நாளு அணிலும் இல்லீங்க. அப்பறந்தான் உறைச்சுது. மயிலு வந்தது அவ எறைச்ச கம்புக்கு. அணிலு வந்தது அவ காயப்போட்ட கடலைக்கு. கீரி வந்தது அவ தொட்டியில ஊத்தி வெச்ச தண்ணிக்கு. நான் என்னமோ பெரிய காட்டைக் கட்டி மேய்ச்சதாட்டம் நெனச்சிருந்தேன். எல்லாம் அவளத் தேடி வந்ததுக.

நேத்து வெக்கத்த உட்டுப்போட்டு அவளோட பழைய சேலையச் சுத்திட்டு, முக்காடு போட்டு, அவளாட்டமே "ப்பா... ப்பா..."ன்னு கூப்புட்டுக் கம்பு எறைச்சேன். மயிலு வேலியில நின்னு ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க! திரும்பியே பாக்காமப் போயிருச்சு. பக்கத்துத் தோட்டத்து மதலேனம்மா பால் வாங்க வந்தவ, பாலும் வாங்காம ஓடிட்டா. அப்பத்தான் படியில உக்காந்து அழுதுட்டனுங்க. மயிலுக்காக இல்ல. ஊடு ஊடாட்டமே இல்லீங்க மச்சான். நல்ல வார்த்தை சொல்லி அவளை அனுப்பி வையுங்க. கேமராவ இனித் தொட மாட்டேன், எங்க ஆத்தா மேல ஆணை.

வீட்டில் பெரியோர்களுக்கு என் வணக்கத்தையும், சிறியோர்களுக்கு என் ஆசிகளையும், கமலாத்தாளுக்கு எது பொருந்துமோ அதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
நஞ்சப்பன்

பின்குறிப்பு: கடுதாசிய ஒட்டறதுக்குள்ள மத்தியான பஸ்சுல அவளே வந்து எறங்கிட்டா. "உங்களுக்காக வரல, தொட்டியில தண்ணி இருக்குதான்னு பாக்க வந்தேன்"னு என் மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டா. கையில ரெண்டு ரோலு. நீங்க வாங்கிக் குடுத்ததாமே? கேமரா இப்ப அவ கையில. தொட்டிகிட்ட உக்காந்திருக்கறா. மயிலு வந்துருச்சுங்க, கீரியும் வந்துருச்சு. என்னை வெளிய வரக்கூடாதுன்னு உள்ள தள்ளிக் கதவச் சாத்திட்டா. ஜன்னல் சந்துல ஒரு கண்ண வெச்சு அவளைத்தான் பாத்துட்டு இருக்கறேன். இத்தன வருசம் இவளையும் நான் முழுசாப் பாக்கலீங்க மச்சான்.